காப்பகப் பணத்தில் கட்டிய மண்டப வாடகை

நல்ல காரியம் ஒன்றுக்கென்று நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அந்தக் காரியத்தைச் செய்கிறவரிடம் பதிவும் இல்லை, வரிச்சலுகை ரசீது கொடுக்க வழியும் இல்லை. அதனால் பதிவு பெற்ற ஒரு சங்கம் தன் கணக்கில் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. இப்போது அது யாருடைய பணம்?

பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர் முடித்த கையோடு, செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் உப்பலில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்கள். "கொடுத்தவருடையது" என்றேன். கொடுத்த பிறகு அது எப்படி அவருடையதாகும் என்றார்கள். "அப்படியானால் சங்கத்துடையது" என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். மூன்றாவது பதில் எனக்கு வரவில்லை. கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. தனக்கும் அறுபது தாண்டித்தான் பதில் தெரிந்தது என்றார். அவர் பெயர் குணசேகரன். இது அவர் கதை.

குணசேகரனுக்குச் சொந்த ஊர் சாத்தூர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டும் டர்னராகச் சேர்ந்தார். தெலுங்கை பஸ்ஸில் கற்றுக்கொண்டார். உருதுவைக் கேண்டீனில் கற்றுக்கொண்டார். ஊருக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடும்போது இன்னொரு தோசை வைக்க வந்தால், வேண்டாம் என்பதற்கு "நக்கோ, நக்கோ" என்று கையை மறிப்பார். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

தொழிற்சாலைக் கேண்டீனில் அவர்தான் சீட்டு நடத்தினார். ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றால் இன்னொருவருக்குத் தரவேண்டியதைப் பத்து நாள் தள்ளிவைத்து இவருக்குக் கொடுப்பார். தள்ளிவைக்கப்பட்டவரை ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடுவார். யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. "குணா கையில காசு தூங்காதுப்பா, ஓடிக்கிட்டே இருக்கும்" என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயர் அவருக்கு வெல்லம் மாதிரி. அதைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

ஓய்வு பெற்று உப்பலில் வீடு கட்டியதும், அங்கிருந்த வைகறைத் தமிழ் நலச் சங்கம் அவரைப் பொருளாளராக்கியது. முறையாகப் பதிவு செய்த சங்கம். நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை ரசீது கொடுக்கும் அனுமதியும் வைத்திருந்தது. பொங்கல் விழா, ரத்ததான முகாம், பரிசளிப்பு என்று வருடம் ஓடும். தலைவர் சக்ரபாணி கலகலப்பான மனிதர். பொருளாளர் எங்கே விரலை வைக்கிறாரோ அங்கே கையெழுத்துப் போடுவார். "குணா இருக்கறச்சே எனக்கென்ன கவலை? நான் மைக்கைப் பார்த்துக்கறேன், அவர் பைசாவைப் பார்த்துக்கட்டும்" என்பார்.

ஹம்சா அந்தச் சங்கத்துக்கு வந்தது அப்படிப்பட்ட ஒரு நல்ல காலத்தில்.

அவள் கோயம்புத்தூர்ப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, குடியிருப்பு போவன்பள்ளியில். அங்கே காய்கறி மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிப் பிரிக்கும் பெண்கள், விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள். கைக்குழந்தைகளையும் கூட்டிவருவார்கள். விட்டுவர வீட்டில் ஆள் கிடையாது. அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைப்பார்கள். சுமை தூக்கும் ஹமாலிகள் மூட்டையோடு ஓடிவருவார்கள், ஆட்டோக்கள் பின்னால் எடுக்கும். இதை ஒருநாள் பார்த்த ஹம்சா, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தாள். பாய், பால், முட்டை, இரண்டு ஆயாக்கள். மூத்த ஆயா யாதம்மா. பிள்ளைகள் காலை முழுவதும் அந்தக் காப்பகத்தில் இருப்பார்கள். ஹம்சாவின் ஆபீஸ்காரர்கள் பணம் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் ரசீது கேட்டார்கள். தனியாக ஒரு அறக்கட்டளை பதிவு செய்வதென்றால் மாதக்கணக்கில் அலையவேண்டும், பிறகு வருடாவருடம் ஆடிட்டர், அறிக்கை. வேலைக்கும் போய்க்கொண்டு அவளால் முடியாது.

"நீங்க எங்களுக்குக் குடை புடிச்சா போதுமுங்க சார்" என்றாள் ஹம்சா. "பணம் உங்க கணக்குல வரட்டும். ரசீது நீங்க குடுங்க. நான் மாசாமாசம் செலவுக்குக் கேக்கறேன், பில்லக் கொண்டாந்து தர்றேன்."

"குடை புடிக்கிறதுக்குக் கூலி உண்டாம்மா?" என்று கேட்டார் சக்ரபாணி.

"உண்டுங்க சார். நூத்துக்கு எட்டு ரூபா உங்களுக்கு. கணக்கு எழுதற செலவு, ஆடிட்டர் செலவெல்லாம் இருக்குமில்லீங்களா?"

இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள். காப்பகம் சட்டப்படி சங்கத்தின் திட்டமாகவே இருக்கும். அங்கே நடப்பதற்குச் சங்கம் பொறுப்பு. எட்டு போக மீதி காப்பகத்துக்கு மட்டுமே. ஒருவேளை பிரிந்தால், மிச்சப் பணம் காப்பகத்தோடு வேறொரு பதிவு பெற்ற சங்கத்துக்குப் போய்விடும். குணசேகரன் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாசித்தவருக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் ஆழமாக இறங்கவில்லை. வீட்டு மாடியை வாடகைக்கு விட்டது மாதிரிதான் அதை எடுத்துக்கொண்டார். மாடியில் இருப்பவர் வீட்டுக்காரரின் தண்ணீரைத்தானே குடிக்கிறார், தொட்டி ஒன்றுதானே!

இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்த டிசம்பரில் பொங்கல் விழாவுக்குப் பார்த்துவைத்திருந்த மண்டபத்துக்காரர் முழு வாடகையையும் முன்கூட்டியே கேட்டார். இல்லையென்றால் கல்யாணப் பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கணக்குப் புத்தகத்தில் சங்கத்தின் சொந்தத் தலைப்பில் அவ்வளவு பணம் இல்லை. விழா மலர் விளம்பரக்காரர்கள் எப்போதும் கடைசியில்தான் கொடுப்பார்கள். ஆனால் கட்டாயம் கொடுப்பார்கள். பாங்க் கணக்கில் பார்த்தால் பணம் நிறையவே இருந்தது. ஹம்சாவின் ஆபீஸ்காரர்கள் வருட முடிவில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

குணசேகரன் காசோலை எழுதினார். பத்து நாள் விஷயம். சீட்டில் செய்யாததா!

விளம்பரப் பணம் பத்து நாளில் வரவில்லை. ஆயாக்களின் சம்பளம் கேட்டு ஹம்சாவிடமிருந்து போன் வந்தது.

"பாங்க்ல சர்வர் டவுன்மா. நாளைக்குப் போட்டுடறேன்."

அடுத்த முறை, சக்ரபாணி ஊரில் இல்லை, கையெழுத்து வாங்கவேண்டும் என்றார். சக்ரபாணி அப்போது பக்கத்து நாற்காலியில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த முறை, ஆடிட்டர் ஏதோ சந்தேகம் கேட்டிருக்கிறார் என்றார். அவரிடம் சொந்தமாக வைப்புநிதி இருந்தது. அதை உடைத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இன்னும் மூன்று மாதத்தில் முதிர்கிறது, இப்போது உடைத்தால் வட்டி போகும் என்று உடைக்கவில்லை. பின்னால் அவரைத் தின்றது, பொய் சொன்னதைவிட இதுதான். தன் வட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளின் பாலில் கைவைத்தோமே என்று.

ஹம்சா தன் சம்பளத்திலிருந்து கொஞ்ச நாள் ஓட்டினாள். புதுவருடம் பிறந்ததும் அதுவும் முடியவில்லை. யாதம்மா, அவள் மேல் கோபமில்லாமலே, ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். மற்ற ஆயா ஊருக்குப் போனாள். அறையைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று தாய்மார்களிடம் சொன்னார்கள். பிள்ளைகள் மறுபடி பெட்டிகளுக்கு நடுவே போனார்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை விழா. மண்டபம் நிறைந்துவிட்டது. கோலப்போட்டி, பிள்ளைகளின் நடனம், வாழையிலைச் சாப்பாடு. தெலுங்கிலேயே பேசித் திரியும் பிள்ளைகள் மேடையேறித் திருக்குறள் ஒப்பித்தார்கள். தாய்மார்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். மத்தியானம் சக்ரபாணி மைக்கைப் பிடித்தார்.

"இவ்வளவு பெரிய விழா, ஒரு பைசா கடன் இல்லாம நடக்கறதுன்னா காரணம் ஒரே ஒரு மனுஷர். எங்கேர்ந்து பணம் வந்ததுன்னு எனக்கே தெரியாது. மந்திரவாதி! குணசேகரன், மேடைக்கு வாங்கோ."

பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்கும் முன்னே கீழே இறங்கியவர், மண்டப வாசலில் ஹம்சா நிற்பதைப் பார்த்தார். அவள் குர்தாவில் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. தலை கலைந்திருந்தது.

"வாம்மா, சாப்பிட்டியா?" என்றார்.

"சார், நம்ம சாஹித்யா இருக்கால்லங்க, மூணு வயசுக் குட்டி. காலைல பெட்டியடுக்கு சரிஞ்சு அவ கால் மேல விழுந்திருச்சுங்க. எலும்பு முறிஞ்சிருக்கு. ஆபரேசன் பண்ணணுங்கறாங்க. காப்பகக் கணக்குல எவ்ளோ இருக்குங்க சார்? கொஞ்சம் எடுத்துக் கட்டலாமுங்களா?"

குணசேகரனுக்கு முதலில் தோன்றியது பொன்னாடையைக் கழற்றவேண்டும் என்பதுதான். கை போனது, ஆனால் ஊக்கு குத்தியிருந்தார்கள். இழுக்க இழுக்கச் சட்டைதான் வந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்குத் தெரிந்தது. "நான் என் கார்டுல கட்டறேன். வா."

ஆஸ்பத்திரியில் கார்டைத் தேய்த்துக் கட்டினார். ஹம்சா கண்கலங்கிக் கைகூப்பினாள். "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க சார்."

வார்டில் சாஹித்யா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, தன்மேல்தான் தவறு, நல்ல பழங்களைப் பிரிக்கும் அவசரத்தில் திரும்பிப் பார்க்கவில்லை என்று அழுதாள். சேதி கேட்டு ஓடிவந்திருந்த யாதம்மா, தான் சம்பளத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம், வேறு வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஹம்சா, சரியாகத் திட்டமிடத் தெரியாத தன்னால்தான் எல்லாம் என்றாள். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பெண்களும் ஆளுக்கொரு குற்றத்தை இழுத்துத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். குற்றவாளிக்கு மட்டும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். அவர் வாங்கித் தின்றார். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்களே என்று தின்றார்.

"சார், மன படி எப்புடு தெருஸ்தாரு?" என்று கேட்டாள் யாதம்மா. தெலுங்கில் 'படி' என்றால் பள்ளிக்கூடம், காப்பகத்தை அப்படித்தான் அவள் சொல்வாள். எப்போது திறப்பீர்கள் என்று அவரிடம் கேட்டாள், அவர்தானே பெரியவர்.

"சீக்கிரம்" என்றார்.

அந்த வாரமே விளம்பரப் பணம் வந்து சேர்ந்தது. மண்டபத்துக்குப் போன தொகை காப்பகத் தலைப்புக்குத் திரும்பிவிட்டது. கணக்கு எடுத்துப் பார்த்தால் ஒரு சுருக்கம்கூட இல்லை. விழா முடிந்ததும் குணசேகரன் விஷயத்தைச் சொல்லியிருந்ததால் சக்ரபாணி போன் செய்தார்.

"வந்தாச்சோல்லியோ? அப்புறமென்ன, தலைவலி விட்டது. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

"அந்தக் குழந்தை..."

"பெட்டி சரிஞ்சதுக்கு நீங்களா பொறுப்பு? மண்டபம் இல்லேன்னா அத்தனை ஜனமும் நம்மளக் காறித் துப்பியிருக்கும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதேள்."

குணசேகரனுக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். இரண்டு நாள் நினைத்தும் பார்த்தார். மூன்றாம் நாள் ஹம்சாவிடமிருந்து ஒரு வாட்ஸாப் வந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு அவள் அனுப்பப்போகும் சேதி. காப்பகத்தை நடத்தும் திறமை தனக்கு இல்லை, தன்னுடைய கவனக்குறைவால் ஆயாக்களுக்குச் சம்பளம் போகவில்லை, ஒரு குழந்தைக்குக் கால் முறிந்துவிட்டது, காப்பகத்தை மூடுகிறேன், எல்லோரும் மன்னிக்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். கீழே: 'சார், திட்டம் உங்க சங்கத்தோடதுங்கறதால நீங்க ஓகே சொன்னாத்தான் அனுப்ப முடியும்.'

ஓகே என்று இரண்டு எழுத்து தட்டினால் போதும். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகவதி, அவர் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு வாரமா உங்களுக்குச் சோறு இறங்கல. என்ன ஆச்சு?"

சொன்னார். முழுதும் சொன்னார். வட்டி போகும் என்று வைப்புநிதியை உடைக்காததையும் விடவில்லை. பகவதி கீரையை அப்படியே வைத்துவிட்டாள்.

"இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருக்கேனே, அதுல கை வைப்பீங்களா?"

"அது சாமி காசு."

"நம்ம வீட்டு அலமாரிலதானே இருக்கு? சாவி உங்க கையிலதானே இருக்கு? மகளுக்குப் பீஸ் கட்ட முடியாம கைவளையலக் கழட்டிக் குடுத்தேன், அப்பக்கூட அதைத் தொடலியே நீங்க. தொட்டா கண்ணு போயிரும்னு பயம். பச்சப்புள்ளக பால் காசுன்னா பயமில்ல, அப்படித்தானே?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சாமி காசுக்கு நாம காவல்காரங்க. காவலுக்கு வேணா கூலி வாங்கிக்கலாம். செலவு பண்றதுக்கு நாம யாரு?"

ஒப்பந்தத்தைச் சத்தமாக வாசித்தபோது ஏறாதது அப்போது ஏறியது. கொடுத்தவர் கையைவிட்டு அது போய்விட்டது. சங்கம் அதைக் காத்து நிற்கிறது. ஹம்சாவுக்கும் அது சொந்தமில்லை. அவள் நினைத்தால் அதில் ஸ்கூட்டர் வாங்க முடியாது. எந்த வேலைக்கென்று வந்ததோ, அந்த வேலைக்கு மட்டுமே அது சொந்தம். பத்து நாளில் திருப்பி வைத்தாலும், எடுத்த அன்றே தப்பு முடிந்துவிட்டது.

போவன்பள்ளிக்குப் போனார். ஹம்சா காப்பக அறையில் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னார். அவள் கட்டுவதை நிறுத்தவில்லை. முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சர்வர் டவுன்னு சொன்னீங்களே சார்."

"ஆமாம்மா."

"ஆடிட்டர் சந்தேகம் கேட்டார்னு சொன்னீங்க. நான் உக்காந்து பில்லெல்லாம் திரும்பத் திரும்பப் பாத்தனுங்க. என்ன தப்புப் பண்ணிட்டோம்னு பாத்துட்டே இருந்தேன்."

அவர் கைகூப்பப் போனார்.

"வேண்டாம் சார். கும்பிட்டா நான் பரவால்லீங்கன்னு சொல்லணும். சொல்ல வரல." அவள் குரல் உயரவில்லை. "கோபப்படறதுக்கு எனக்கு இப்ப நேரமில்லீங்க. பணம் கொடுத்தவங்களுக்கு நீங்களே எழுதுங்க. என்ன நடந்துச்சோ அத. எம் பேர்ல இருக்கற பழிய நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க."

எழுதினார். சங்கத்துக்கென்று வந்த பணமில்லை அது என்று தெரிந்தே எடுத்தேன், பொய் சொன்னேன், பொறுப்பு ஹம்சாவுடையது அல்ல என்று எழுதினார். சக்ரபாணியின் பெயரை இழுக்கவில்லை. காசோலையில் கையெழுத்து அவருடையதும்தான், ஆனால் விரலை வைத்துக் காட்டியவர் தான்தானே. வைப்புநிதியை உடைத்து, ஆயாக்களின் பாக்கியையும் சாஹித்யாவின் மேல்வைத்தியச் செலவையும் கட்டினார். நிர்வாகக் குழுவில் பெரிய சத்தம் போட்டார்கள்.

"சங்கத்து மானத்தைக் கப்பலேத்திட்டேளே!" என்றார் சக்ரபாணி. "யாராவது கேட்டாளா உங்களை?"

"கேக்கலேன்னுதான் சொன்னேன்" என்றார் குணசேகரன். பொருளாளர் பதவியை விட்டார். அடுத்த விழாவில் அவரோடு ஒரே வரிசையில் உட்காரச் சிலர் தயங்கினார்கள். பாராட்டியவர்கள் யாரும் இல்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

பணம் கொடுத்தவர்களில் சிலர் விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள், காப்பகம் வேறு இடத்துக்கு மாறினால் தொடர்கிறோம் என்றார்கள். ஒப்பந்தப்படி மிச்சப் பணம் முழுவதும் செகந்திராபாத்தில் இன்னொரு அறக்கட்டளையின் பொறுப்புக்குப் போனது. அங்கே காப்பகத்துக்கென்று தனி பாங்க் கணக்கு. மாதாமாதம் வரவு செலவு ஹம்சாவுக்கும் கொடுத்தவர்களுக்கும் போய்விடும். யாதம்மா திரும்பி வந்தாள். அறை திறந்தது.

சாஹித்யாவின் கால் கூடிவிட்டது. ஓடுகிறாள். ஆனால் ஓடும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்கிறாள். வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். குணசேகரன் மாதம் ஒருமுறை முட்டை அட்டைகளை வாசலில் கொண்டுபோய் வைக்கிறார். உள்ளே கூப்பிட்டால் போவார். யாதம்மா கூப்பிடுவாள்; ஹம்சா இன்னும் கூப்பிடவில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. "அந்தப் பொண்ணு மறக்கலைங்கிறது நல்லது. நான் மறந்துட்டா யார் ஞாபகம் வச்சிருப்பா?" என்கிறார்.

இப்போது எங்கே நாலு பேர் சேர்ந்து நல்ல காரியம் தொடங்கினாலும், கூப்பிட்டால் போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். பதில் சொல்லாமல் தன் கதையைச் சொல்கிறார். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுது. என்னை நல்லவனாக்கிடாதே, அது மட்டும் நக்கோ" என்றார்.

முயன்றிருக்கிறேன். இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடியிருப்பிலோ கோயில் கமிட்டியிலோ சங்கத்திலோ அடுத்தவர் காரியத்துக்கு வந்த பணத்தைக் கையில் வைத்திருக்கும் யாராவது இருப்பார்கள். பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மண்டபத்துக்காரர் முன்பணம் கேட்கும் நாளுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.